படிப்பு நடுவில் பணம் நின்றால்: காரைக்குடி வட்டாரக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் அப்பாவின் வேலை திடீரென்று போய்விடுகிறது. அல்லது தேவகோட்டைச் சாலையில் ஒரு விபத்து நடந்து, வீட்டில் சம்பாதிக்கும் ஒரே ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். செமஸ்டர் கட்டணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. இப்படி ஒரு நேரத்தில் நிறையக் குடும்பங்கள் முதலில் போய் நிற்பது வட்டிக்காரர் வீட்டு வாசலில்தான். அதற்கு அவசியமில்லை.

அரசு உதவி, அறக்கட்டளை உதவி, காப்பீட்டுத் தொகை எல்லாம் உண்மையாகவே கிடைக்கின்றன. ஆனால் அவை பத்து நாளில் கைக்கு வருவதில்லை. சில வாரக்கணக்கில் வரும், சில மாதக்கணக்கில் வரும். அதுவரை தாக்குப்பிடிக்க வட்டிக்குப் பணம் வாங்கினால், பின்னால் வரும் உதவி முழுவதும் வட்டிக்கே போய்விடும். அதனால் முதலில் கல்லூரியிடம் அவகாசம் வாங்குங்கள். பணம் தேடுவது அதற்கு அடுத்த வேலை.

முதல் மூன்று நாளில் கல்லூரியில் செய்ய வேண்டியது

வகுப்பு ஆசிரியரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் கட்டணம் கட்டாதவர் பட்டியலை எடுப்பது அலுவலகம், அங்கே உங்கள் நிலைமை யாருக்கும் தெரியாது. முதல்வருக்கு எழுத்தாகக் கொடுங்கள். துறைத் தலைவரின் பரிந்துரைக் கையெழுத்தோடு போனால் இன்னும் நல்லது. இரண்டு பிரதி எடுத்துச் சென்று, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். இந்த அளவு போதும்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, நான் இரண்டாம் ஆண்டு இளங்கலை வணிகவியல் படிக்கிறேன். பதிவு எண் ……. என் தந்தை …… தேதியில் விபத்தில் காயமடைந்து மருத்துவமனையில் இருக்கிறார். குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லை. இந்தப் பருவக் கட்டணம் ரூ.……. இதில் ரூ.…… இப்போது கட்டுகிறேன். மீதியை …… தேதிக்குள் இரண்டு தவணையாகக் கட்ட அனுமதியும் அபராதத்திலிருந்து விலக்கும் வேண்டுகிறேன். கல்லூரியின் ஏழை மாணவர் நிதியிலிருந்து உதவி கிடைக்குமானால் என் பெயரைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். மருத்துவமனைச் சீட்டு நகல் இணைத்துள்ளேன்."

தொகையும் தேதியும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "ஏதாவது உதவி செய்யுங்கள்" என்று எழுதினால், படிப்பவருக்கு என்ன முடிவெடுப்பது என்று தெரியாமல் கடிதம் மேசையிலேயே தங்கிவிடும். ஐந்நூறோ ஆயிரமோ முன்பணம் கட்டிவிட்டுக் கேட்கும் அவகாசத்துக்கு மதிப்பு அதிகம்.

கட்டணத்தைப் பிரித்துப் பாருங்கள். கல்விக் கட்டணம், விடுதி, மெஸ், பேருந்து இவற்றையெல்லாம் கல்லூரியே தள்ளிவைக்கலாம். தேர்வுக் கட்டணத்தில் அப்படி முடியாது. அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் அது பல்கலைக்கழகத்துக்குப் போகிற பணம். தன்னாட்சிக் கல்லூரியென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் நாள் குறித்து வசூலிக்கும். எல்லாவற்றிலும் சின்னத் தொகையும் அதுதான். கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் முதலில் தேர்வுக் கட்டணத்தைக் கட்டுங்கள். அதைத் தவறவிட்டால் ஒரு பருவமே போய்விடும்.

வருகைப் பதிவும் கவனிக்க வேண்டிய விஷயம். ஆஸ்பத்திரியிலும் காரியத்திலும் மூன்று வாரம் போனால், தேர்வெழுதத் தேவையான 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட வாய்ப்புண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டு, இறப்புச் சான்று எதுவானாலும் திரும்பி வந்த முதல் நாளே துறையில் கொடுங்கள். பருவக் கடைசியில் கொடுத்தால் அது சாக்குப்போக்காகத் தெரியும்.

இந்த மண்ணில் கல்லூரிகள் பெரும்பாலும் கொடையால் எழுந்தவை. பழைய கல்லூரிகளில் நன்கொடையாளர் பெயரில் வைப்புநிதி இருக்கும், அதன் வட்டியில் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு உதவுவார்கள். அறிவிப்புப் பலகையில் அது வராமலே போகலாம். அலுவலகக் கண்காணிப்பாளரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "அறக்கட்டளை உதவித்தொகை ஏதாவது இருக்கிறதா? பெற்றோர் ஆசிரியர் கழக நிதி இருக்கிறதா? முன்னாள் மாணவர் சங்கம் உதவுகிறதா?" மூன்றும் தனித்தனி நிதிகள். ஒன்றில் இல்லை என்றால் மூன்றிலும் இல்லை என்று ஆகாது.

கட்டண பாக்கிக்காக அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அறிவிக்கையிலேயே இதைச் சொல்லியிருக்கிறது. சண்டை போட வேண்டாம், அந்த அறிவிக்கையைக் குறிப்பிட்டு எழுத்தாகக் கேட்டாலே பெரும்பாலும் வேலை நடக்கும்.

ஒரே கோப்பில் எல்லாத் தாள்களும்

இனிமேல் நீங்கள் போகும் ஒவ்வொரு இடத்திலும் அதே தாள்களைத்தான் கேட்பார்கள். ஒரு கோப்பில் ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் வையுங்கள்: ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்று, வருமானச் சான்று, 10 மற்றும் 12-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கடைசிப் பருவ மதிப்பெண், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கல்லூரியின் போனஃபைட் சான்று (அங்கே படிக்கிறீர்கள் என்பதற்கான சான்று). இவற்றோடு கட்டணக் கோரிக்கைக் கடிதமும் வேண்டும். எந்தப் பருவத்துக்கு எவ்வளவு பாக்கி, கல்லூரியின் எந்த வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று கல்லூரித் தலைப்புத் தாளில் எழுதியிருப்பது அது. நன்கொடையாளர்கள் முதலில் கேட்பதே இதைத்தான். போனஃபைட் மட்டும் வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வருகிறவர்கள் ஏராளம்.

பெரும்பாலும் சிக்கல் வருவது வருமானச் சான்றில். இ-சேவை மையத்தில் ரூ.60 கட்டணம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியருக்குப் போகும். அந்தச் சான்று ஓராண்டுதான் செல்லும். அப்பா சம்பாதித்த காலத்துச் சான்றை இப்போது கொடுத்தால், நீங்கள் தகுதி இல்லாதவராகத் தெரிவீர்கள். நிலைமை மாறிய பிறகு புதிதாக விண்ணப்பியுங்கள், பழைய சான்றைத் தேட வேண்டாம். விண்ணப்பித்த கையோடு கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து இறப்புச் சான்றையோ வேலை நீக்கக் கடிதத்தையோ காட்டிவிடுங்கள். அவர் விசாரணையில் பழைய வருமானத்தையே எழுதிவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

அடுத்தது வங்கிக் கணக்கு. அரசு உதவித்தொகை ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் வரும். கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கே போய் விழும். கல்லூரியில் முகாம் போட்டுத் திறந்த புதுக் கணக்கில் பணம் வந்து கிடக்க, மாணவர் பழைய கணக்கையே பார்த்துக்கொண்டு "வரவில்லை" என்று அலைவதுண்டு. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். இரண்டு வருடம் வரவு செலவே இல்லாத கணக்கு முடங்கியிருக்கும், அதையும் உயிர்ப்பித்துக்கொள்ளுங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னாலும் மதிப்பெண் பட்டியலில் பின்னாலும் இருந்தாலே சில விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும்.

சம்பாதித்தவர் இறந்துவிட்டால்

துக்கத்தில் யாருக்கும் தோன்றாத ஒன்றை முதலில் செய்யுங்கள். அப்பாவின் வங்கிப் புத்தகத்தில் மே, ஜூன் மாத வரவு செலவைப் பாருங்கள். ரூ.436 பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் ரூ.2 லட்சம். ரூ.20 பிடித்திருந்தால் சுரக்ஷா காப்பீடு. விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம். அப்பாவே மறந்திருப்பார். வங்கியும் தானாகச் சொல்லாது. அந்தக் கிளையிலேயே கோரிக்கைப் படிவம் வாங்கி, முடிந்தவரை 30 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். ஜன்தன் கணக்கின் ரூபே அட்டை இருந்தால் அதற்கும் விபத்துக் காப்பீடு உண்டு. விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் அட்டையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

விபத்துக் காப்பீடு கைநழுவுவது எங்கே என்றால் பிரேதப் பரிசோதனையில். "உடம்பை அறுக்க வேண்டாம்" என்று உறவினர்கள் மறுத்துவிடுவார்கள், காவல் நிலையத்திலும் வழக்குப் பதிய மாட்டார்கள். முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் சாலை விபத்துக்கான காப்பீடு கிடைக்காது. அந்த நேரத்தில் சொல்லக் கடினமான வார்த்தைதான். ஆனாலும் யாராவது பெரியவர் ஒருவர் சொல்லியே ஆக வேண்டும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றுக்கு உடனே கொண்டுபோன ஆஸ்பத்திரியின் பதிவு உதவும்.

இறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள், கட்டணம் இல்லை. காரைக்குடி நகருக்குள் என்றால் மாநகராட்சி, கிராம ஊராட்சி என்றால் கிராம நிர்வாக அலுவலர். இறப்புச் சான்று கையில் வந்த அன்றே வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள், அது தாமதமாகும்.

அப்பா வருங்கால வைப்புநிதி பிடிக்கும் வேலையில் இருந்தவர் என்றால், சேமித்த தொகை தவிர இறப்புக் காப்பீடாக ரூ.7 லட்சம் வரை கிடைக்கும், பிள்ளைகளுக்கு 25 வயது வரை ஓய்வூதியமும் உண்டு. இது பெரிய உதவி. மில்லிலும் செக்யூரிட்டி வேலையிலும் இருந்தவர்களின் குடும்பங்கள் கேட்காமலே விட்டுவிடுகின்றன. சம்பளச் சீட்டில் பி.எஃப். எண் இருக்கும். வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ குடியேற்ற அனுமதி முத்திரையோடு வேலைக்குப் போனவர் என்றால் பிரவாசி பாரதிய பீமா பாலிசி எடுத்திருப்பார். விபத்து மரணத்துக்கு ரூ.10 லட்சம். ஏஜென்ட் கொடுத்த பழைய தாள்களைத் தூக்கிப் போடாமல் தேடுங்கள்.

வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்தில் 18 முதல் 59 வயதுக்குள் சம்பாதித்தவர் இறந்தால், தேசிய குடும்ப நல உதவியாக ரூ.20,000 உண்டு. அம்மாவுக்கு ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் மாதம் ரூ.1,200. இரண்டுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவுக்குப் போகவேண்டும். கட்டுமானம், தையல், ஆட்டோ என்று ஏதாவது நல வாரிய அட்டை வீட்டில் இருந்தால் மாவட்டத் தொழிலாளர் நல அலுவலகத்தில் காட்டுங்கள். இறப்பு உதவியும் பிள்ளைகளின் படிப்பு உதவியும் தனித்தனியாகக் கேட்கலாம்.

வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு என்றால்

கட்டணத்துக்கு வைத்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் இங்கே பெரிய ஆபத்து. ஆண்டு வருமானம் ரூ.1.2 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். இலவச அழைப்பு எண் 1800 425 3993. சேர்க்கும்போதே "காப்பீட்டுத் திட்டப் பிரிவு எங்கே" என்று கேளுங்கள். முன்பணம் கட்டிவிட்டு டிஸ்சார்ஜ் அன்று அட்டையைக் காட்டினால் கட்டிய பணம் திரும்ப வருவது அரிது. சாலை விபத்து என்றால் இன்னுயிர் காப்போம் திட்டத்தில், அங்கீகரித்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு வாங்கக்கூடாது. அட்டை, வருமானம் எதுவும் பார்க்க மாட்டார்கள்.

உதவித்தொகை

முன்பு வருமானம் அதிகம் என்று ஒதுங்கியிருந்த வீடு, இப்போது தகுதிக்குள் வந்திருக்கலாம். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் உதவித்தொகைக்கு வருமான உச்சவரம்பு ஆண்டுக்கு ரூ.2.5 லட்சம். புதிய வருமானச் சான்றோடு கல்லூரியில் யூமிஸ் (மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளம்) பொறுப்பாசிரியரைப் பாருங்கள். விண்ணப்பத்தைத் திறந்து அனுப்புவது அவர்தான். அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ.1,000 வரும். இதற்கு வருமான வரம்பு இல்லை, வேறு உதவித்தொகை வாங்கினாலும் வாங்கலாம். சேராமல் விட்டவர்கள் இப்போதாவது கேளுங்கள்.

ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளில் படிப்பவர் தாய் தந்தை இருவரையும் இழந்திருந்தால், ஸ்வநாத் உதவித்தொகையில் ஆண்டுக்கு ரூ.50,000 கிடைக்கும். தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எச்.டி.எஃப்.சி. வங்கியின் பரிவர்த்தன் உதவித்தொகை, கடந்த மூன்று ஆண்டுக்குள் குடும்பத்தில் நெருக்கடி வந்தவர்களை முன்னிறுத்திப் பார்க்கிறது. இவையெல்லாம் மாதக்கணக்கில் வரும் பணம், இந்தப் பருவத்துக்கு நம்பி இருக்காதீர்கள். அடுத்த பருவத்துக்கு இன்றே போட்டு வையுங்கள்.

செலவைக் குறைப்பதும் உதவிதான். தனியார் விடுதியில் இருப்பவர்கள் அரசு விடுதிக்கு மாறலாம், தங்குவதும் சாப்பாடும் இலவசம். வீட்டிலிருந்து கல்லூரி குறைந்தது 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், பெண்களுக்கு அந்தத் தூர விதி கிடையாது. பருவ நடுவிலும் காலியிடம் வரும், காப்பாளரிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள்.

ஆட்சியரிடம் மனு

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கல்லூரிக் கட்டணத்துக்காக வரும் மனுக்களுக்கு ஆட்சியரின் விருப்புரிமை நிதியிலிருந்து உதவுவதுண்டு. ஒன்றைக் கவனிக்க வேண்டும். செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் சிவகங்கை. திருமயம், பொன்னமராவதிப் பக்கம் புதுக்கோட்டை. கல்லூரி காரைக்குடியில் இருந்தாலும் உங்கள் குடும்ப அட்டை எந்த மாவட்டமோ அந்த ஆட்சியரிடம்தான் போக வேண்டும். தவறான இடத்தில் கொடுத்தால் மனு மாறி மாறிப் பயணித்து ஒரு மாதம் போய்விடும்.

மனு ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். முதல் வரியிலேயே தொகையும் கடைசி நாளும் வரவேண்டும். கட்டணக் கோரிக்கைக் கடிதத்தை மேலே வையுங்கள். பதிவு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் அந்த எண்ணைச் சொல்லி முதல்வரின் உதவி மைய எண் 1100-இல் கேளுங்கள்.

நகரச் சங்கங்களும் அறக்கட்டளைகளும்

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பத்துப் பிள்ளை என்றால் உங்கள் ஊர் நகரச் சங்கத்தில் தொடங்குங்கள். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் அறக்கட்டளைகள் ஊர்ச் சங்கத்தின் பரிந்துரைக்கு மதிப்புக் கொடுக்கும். கோயில், பிரிவு, ஊர், வீட்டு விலாசம் இவற்றைப் படிவத்தில் சரியாக நிரப்புங்கள், அப்பச்சியிடமோ ஐயாவிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு ஊரில் தெரியக்கூடாது என்று ஒளிக்கிற குடும்பங்கள் உண்டு. விவரத்தை வெளியிட வேண்டாம் என்று காரியதரிசியிடம் சொன்னால் போதும், கேட்காமலே இருந்துவிடாதீர்கள். சாதி பார்க்காமல் எல்லா மாணவருக்கும் உதவும் அறக்கட்டளைகளும் இந்தப் பக்கம் உண்டு. எதற்கு எந்த நிபந்தனை என்று கல்லூரி அலுவலகத்துக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பணத்தை உங்கள் கணக்குக்குக் கேட்காமல் கல்லூரிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். கொடுப்பவருக்கு நம்பிக்கை வரும், வீட்டில் வேறு செலவுக்கும் போகாது. வாட்ஸ்அப்பில் உதவி கேட்டுச் செய்தி போடும்போது ஆதார் படத்தையும் ஏ.டி.எம். அட்டைப் படத்தையும் சேர்த்துப் போடவே கூடாது.

கடன்தான் வழி என்றால்

முதலில் அம்மாவின் மகளிர் குழு. உள்கடனாக நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில், அடுத்த கூட்டத்திலேயே கிடைக்கும். அடுத்து வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கிய நாளிலேயே கிளை திறந்த ஊர் காரைக்குடி, வங்கிக் கிளைக்கு இங்கே பஞ்சமில்லை. நகையை வட்டிக்காரரிடம் வைத்து வாங்கும் ரூ.30,000-க்கு மூன்று ரூபாய் வட்டி என்றால் மாதம் ரூ.900. அதே நகையை ஆண்டுக்கு 10 சதவீதத்தில் வங்கியில் வைத்தால் மாதம் ரூ.250.

வாரத் தவணைக் கடனில் கணக்கு இன்னும் மோசம். ரூ.8,500 கையில் கொடுத்து, வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் வாங்குவார்கள். "ஆயிரத்தைந்நூறுதானே" என்று தோன்றும். ஆண்டுக் கணக்கில் அது 160 சதவீதம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவற்றை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. மிரட்டினால் காவல் நிலையத்திலும் ஆட்சியரிடமும் புகார் கொடுக்கலாம்.

கல்விக் கடனை முதலாண்டில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை, நடுவிலும் விண்ணப்பிக்கலாம். ரூ.4 லட்சம் வரை சொந்தப் பங்கு கேட்க மாட்டார்கள், ரூ.7.5 லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை. திருப்பிக் கட்டுவது படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்துவிட்டுக் கிளைக்குப் போங்கள். வாய்வார்த்தையாக "முடியாது" என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அதை எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். அப்பாவின் பழைய கடன் பாக்கி தடையாக வந்தால் அம்மாவை இணைக் கடனாளியாகப் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கைப்பேசிக் கடன் செயலிகள் பக்கம் போகாதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் உங்கள் கணக்குக்கே நேராக வரவேண்டும், செயலி உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக்கூடாது. வாங்கிய பின் குறைந்தது ஒரு நாளுக்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் விலகவும் உரிமை உண்டு. படத்தை மாற்றி உறவினருக்கு அனுப்புவேன் என்று மிரட்டினால் மேற்கொண்டு ஒரு ரூபாயும் அனுப்பாமல், ஸ்கிரீன்ஷாட்களைச் சேமித்துக்கொண்டு இணையக் குற்றப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். வீட்டில் அன்றே சொல்லிவிடுங்கள். மனசு தாங்காத இரவுகளில் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைத்தால் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.